இரவல் அநாதைகள்

சேசு மரி சூசை

ராசிபுரம்
12-7-1959, ஞாயிறு

அன்புள்ள அஜீஸுன்னிசாவுக்கு இன்பமேரி எழுதுவது.

ஊரெல்லாம் தூங்கிய பிறகு, மணி பன்னிரண்டுக்கு எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வரிகள் கோணலாக இருந்தால் அது தூக்கத்தின் குற்றம். லூர்து இப்போதுதான் கண்ணயர்ந்தான். பிள்ளைக்கு மூன்றரை வயது முடிந்தும், மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்க்கிறேன். வைத்தால் விழித்துக்கொள்கிறான். மறுபடி தூங்கவைக்க ஒரு மணி நேரம். "நீ பார்க்காமல் இருந்தாலே அவன் நன்றாக மூச்சு விடுவான்" என்கிறார் என் வீட்டுக்காரர். மின்சார இலாகா ஓவர்சியர் அல்லவா, நட்டுவிட்டால் எல்லாம் கம்பம் மாதிரி நிற்கும் என்று நினைப்பு.

ஒரு சந்தோஷச் செய்தி. டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு கிடந்த என் பி.ஏ. பட்டத்துக்கு வேலை வந்துவிட்டது. நாமகிரிப்பேட்டை ரோட்டில் 'குழந்தை நேச நிலையம்' என்று ஓர் அநாதை இல்லம் இருக்கிறது. காரியதரிசியின் பெயர் அப்புசாமி. வெள்ளை ஜிப்பா, தோளில் துண்டு. நினைத்தபோது கண்ணீர் வரும், நினைத்தபோது நிற்கும். நான்கு மாதமாக அவருக்காக அமெரிக்காவிலுள்ள தரும சங்கத்துக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதித் தருகிறேன். முதல் கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். "எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது அம்மிணி. கண்ணீரு மட்டும் இன்னொரு படி சேத்துக்கலாமுங்க" என்றார். சேர்த்தேன். கல்லூரியில் என் கட்டுரைகளை ஈரத்துணி மாதிரி பிழியலாம் என்பாயே, அந்தத் திறமைக்கு இப்போது மூட்டை மூட்டையாகப் பால் பவுடர் வருகிறது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் 'இக்குழந்தை அநாதை என்பதை நான் நேரில் அறிவேன்' என்று ஒரு சான்றிதழும் தருகிறேன். மார்ச் மாதம் போய்ப் பார்த்தேன். நாற்பது பேர், எண்ணெய் வழியும் தலையோடு வரிசையாக நின்று கும்பிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடிக்கடி தொந்தரவு வேண்டாமென்று, பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு இருபது தாளில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எவ்வளவு நாகரிகம் பார்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் சகாயம்மாள் அவரைத் தெய்வம் என்கிறாள். அவளுடைய ஒரே மகள் செல்வமேரிக்குப் பத்து வயது. மே மாதம் அவளை மைசூரில் நர்ஸ் படிப்புக்குச் சேர்த்துவிட்டாராம். ஒரு சல்லி செலவில்லை.

உன் லாரி ஆபீஸ் வீட்டில் எல்லோரும் சுகமா? லூர்து இருமுகிறான், நிறுத்துகிறேன்.

உன்
இன்பமேரி, பி.ஏ. (கை பழகிவிட்டது)


786

சேலம்
17-7-1959

அன்புள்ள இன்பாவுக்கு அஜீஸ் எழுதியது.

கார்டில் எழுதுகிறேன். எங்கள் ஆபீசில் குமாஸ்தா முதல் கிளீனர் வரை படித்துவிட்டுத்தான் இதைப் பெட்டியில் போடுவார்கள். எல்லோரும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்கிறார்கள்.

மே மாதம் ஆபீசுக்கு வந்த ஒரு காகிதத்தில் உன் கையெழுத்தை நானும் பார்த்தேனடி. 'இன்பமேரி, பி.ஏ.', கீழே இரண்டு கோடு. என் தோழி என்று வீடு முழுக்கக் காட்டினேன். பெங்களூரில் என் நாத்தனார் மஸ்தான் பீவிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்த சமயம். தூக்கி வைத்துக்கொள்ள அவளுக்கு ஓர் ஆள் கிடைத்ததில் மாமியாருக்கு ரொம்ப நிம்மதி. இல்லாவிட்டால் என்னை அனுப்பியிருப்பார். பிள்ளை இல்லாதவளுக்குக் கை சும்மாதானே இருக்கிறது என்பது அவர் கணக்கு.

உன் கடிதத்தில் ஒன்று மட்டும் விளங்கவில்லை. பத்து வயதில் என்ன நர்ஸ் படிப்பு? பதினெட்டு வயதில் ஹாஸ்டல் கேட்டைத் தாண்ட நாம் வார்டன் சிஸ்டரிடம் பட்ட பாடு மறந்துவிட்டதா? சகாயம்மாளுக்கு மகளிடமிருந்து கடிதம் வருகிறதா? அதைக் கேள். கார்டில் இடமில்லை.

அஜீஸ்


சேசு மரி சூசை

ராசிபுரம்
26-7-1959

அன்புள்ள அஜீஸ்,

உன் கார்டை எங்கள் தபால்காரர், "பத்து வயசுல நர்ஸுங்களா?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். இனி உன்னோடு பேச்சு வேண்டாம் என்று இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் சகாயம்மாளைக் கேட்டேன்.

கடிதம் வருகிறதாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அப்புசாமியே மாதம் ஒரு முறை கொண்டுவந்து படித்துக் காட்டிவிட்டுப் போவாராம். மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்ததை, நான் கேட்கும் முன்பே ஓடிப்போய் எடுத்துவந்தாள். என் வாயாலும் ஒரு முறை கேட்க வேண்டும் என்று ஆசை.

அஜீஸ், அது என் கையெழுத்து. அமெரிக்காவுக்கு நான் எழுதி, அடித்து, திருத்தி, குப்பையில் போட வைத்திருந்த தாள். 'கருணைமிக்க புரவலர்களே' என்று இங்கிலீஷில் ஆரம்பிக்கிறது. ஓரத்தில் லூர்து சிந்திய பாலின் கறைகூட இருக்கிறது.

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு எதிரில் நிற்கிறாள். நான் என்ன செய்வேன்? "அன்புள்ள அம்மா, நான் சௌக்கியம், நன்றாகப் படிக்கிறேன், தினம் ஒரு முட்டை தருகிறார்கள்" என்று படித்தேன். முட்டை விஷயம் அவள் அடிக்கடி சொல்லி எனக்குத் தெரியும்.

"ரெண்டு முட்டைன்னு போட்டிருக்குமுங்க அம்மிணி, நல்லாப் பாருங்க" என்றாள்.

நல்லாப் பார்த்தேன். இரண்டு முட்டை என்று படித்தேன்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். போலீசுக்குப் போய், "என் கையெழுத்தில் எனக்குத் தெரியாத கடிதம் வந்திருக்கிறது" என்றா சொல்வாய் என்கிறார். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆகஸ்டு எட்டாம் தேதி அமெரிக்க சங்கத்து அம்மாள் ஒருவர் இல்லத்தைப் பார்க்க வருகிறார். பேச்சை மொழிபெயர்க்க அப்புசாமி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். போகிறேன். இந்தத் தடவை அழாமல் ஒவ்வொரு முகமாகப் பார்க்கப்போகிறேன்.

இன்பா


சேசு மரி சூசை

ராசிபுரம்
9-8-1959

அன்புள்ள அஜீஸ்,

நேற்று நடந்ததை ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன். நடந்தது ஒழுங்காக நடக்கவில்லை.

காலை பத்து மணிக்குப் போனேன். வாசலில் வாழை மரம், காகிதத் தோரணம். நாற்பது பிள்ளைகளும் காக்கி நிஜாரும் நீலப் பாவாடையுமாக, சட்டையில் நம்பர் குத்திக்கொண்டு நின்றார்கள். வெளியே வேலியோரம் முப்பது நாற்பது பெரியவர்கள் தேர் பார்க்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். முதலில் புரியவில்லை. ஒன்பதாம் நம்பர் அநாதை வேலிப் பக்கம் கையை ஆட்டினான். அங்கே தலையில் கூடையோடு நின்ற கடலைக்காரர் ரங்கன் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு, நேராக நில் என்று சாடை காட்டினார். எங்கள் தெரு முடிதிருத்தும் கடைக்காரரின் பையன்கள் இருவர் பதினாலு, பதினைந்து. சந்தையில் நெய் விற்கும் அம்மாளின் பெண் முப்பது. அரை நாளைக்குப் பிள்ளையை இரவல் கொடுத்தால் ஒரு டின் பால் பவுடராம். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது, அஜீஸ். பி.ஏ. படித்தவளுக்கு மட்டும் தெரியவில்லை.

அப்போது ஒரு பிள்ளை ஈ மொய்த்த பன் ஒன்றைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். ஐயோ, இந்த பன்னைத் தின்றால் பேதியாகுமே, யார் பெற்ற பிள்ளையோ என்று கிட்டே போனேன்.

நான் பெற்றதுதான். இருபத்துமூன்றாம் நம்பர்.

தண்ணீரை இரண்டு தடவை கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டிக் கொடுத்து வளர்த்த பிள்ளை. "அம்மா!" என்று சிரித்தான். அப்புசாமி ஒரு கணம் வெளுத்தார். மறுகணம், "எல்லாப் பிள்ளைகளும் இந்த அம்மிணியை அம்மான்னுதானுங்க கூப்புடும், சொல்லுங்க அம்மிணி" என்றார். அமெரிக்க அம்மாளுக்கு ஜாடையிலேயே விளங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் படம் எடுத்தார்.

பிறகு அப்புசாமியின் பிரசங்கம். இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வுலகில் யாருமே இல்லை என்றார். நான் இங்கிலீஷில், "யாருமே இல்லை என்று இவர் சொல்கிறார். இருபத்துமூன்றாம் நம்பருக்கு நான் இருக்கிறேன், ஒன்பதாம் நம்பருக்கு வேலியோரம் தகப்பனார் இருக்கிறார்" என்றேன். அந்த அம்மாள் அதை இந்தியத் தத்துவம் என்று எடுத்துக்கொண்டு, தலையாட்டி, என் கையைத் தட்டிக் கொடுத்தார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, "அப்பன் ஆத்தா இருக்கறவங்க எல்லாம் இப்பவே ஊட்டுக்குப் போலாம் சாமி" என்றேன்.

பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி ஓடினார்கள். அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அரை நிமிஷம்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நாலே பேர் நின்றார்கள். இரண்டு பையன், இரண்டு பெண். தாங்களும் ஓட வேண்டுமா என்று தெரியாமல் என்னையே பார்த்தார்கள். நாற்பதாம் நம்பருக்கு லூர்து வயதுதான் இருக்கும். "நாங்க எங்கீங்க போறது?" என்றாள்.

அதை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. அந்த அம்மாளும் கேட்கவில்லை.

அப்புசாமி சமையலறை வழியாக பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினார். ரங்கன் கடலைக் கூடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி, படியில் கால் வைத்தவரை வேட்டியைப் பிடித்து இறக்கினார். வேட்டி முதலில் இறங்கியது, அவர் பிறகு. நேற்று மட்டும் அவருக்குக் கண்ணீர் வரவில்லை.

லூர்தை இரவல் கொடுத்தது சகாயம்மாள். வீட்டுக்கு வந்து அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "ஒரு பிள்ளையக் கூட்டியாந்தா செல்வத்த ஒரு நாளைக்கு ஊட்டுக்கு அனுப்பறேன்னாருங்க. அவளையும் குடுத்துட்டேன், கூட்டிப் போறதுக்கு எங்கிட்ட வேற பிள்ளை இல்லீங்களே அம்மிணி."

திறந்த வாயால் முட்டைக் கடிதத்தைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை. அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டு வாங்கி, பழையபடி மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். போலீஸ் வந்து இல்லத்தைச் சோதித்தபோது, பால் பவுடர் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு நோட்டு கிடைத்தது. இரவல் வந்து திரும்பாத பதினோரு பிள்ளைகளின் பெயர், போன இடம்: குடகு, மைசூர், கோயம்புத்தூர். சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, கலெக்டர் ஆபீசுக்கு அதை இங்கிலீஷில் பிரதியெடுத்து வெள்ளிக்கிழமைக்குள் தரச் சொன்னார். ஐந்தாம் வரி இப்படி: 'செல்வமேரி, வயது 10. சேலம் கரீம் பாஷா லாரி ஆபீஸ் மூலம் பெங்களூர்.'

உன் வீட்டுக்காரரின் பெயர். பேனா அங்கேயே நிற்கிறது. அந்த ஒரு வரியை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் சகாயம்மாள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், எனக்குச் சத்தம் கேட்கிறது. நான் என்ன செய்யட்டும், அஜீஸ்?

இன்பா


786

சேலம்
11-8-1959

அன்புள்ள இன்பாவுக்கு அஜீஸ்.

இது கார்டு அல்ல, கவர். நானே ஒட்டி நானே பெட்டியில் போடுகிறேன்.

அந்த வரியை விடாதே. எழுது. அதற்கு மேல் நான் சொல்வதையும் தெரிந்துகொள்.

செல்வமேரியை லாரியில் ஏற்றியது என் கை. நாத்தனாருக்குப் பிள்ளை தூக்க ஆள் வேண்டும் என்று மாமியார் நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தார். மே மாதம் அப்புசாமி ஒரு பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்தினான். பாவம், யாருமற்ற பெண், ஒரு நல்ல வீட்டில் சோறு கிடைத்தால் போதும் என்றான். எனக்கு அவன் முகம் பிடிக்கவில்லை. சாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு காகிதத்தை நீட்டினான். 'மேரி, அநாதை. நான் நேரில் அறிவேன். இன்பமேரி, பி.ஏ.' அதற்குப் பிறகு நான் ஏன் கேட்கப்போகிறேன்? பரீட்சையில் பக்கத்துத் தாளைக்கூடப் பார்க்காதவள் நீ. வீடு முழுக்கக் காட்டிப் பெருமையடித்தேன் என்று எழுதினேனே, அது இந்தக் காகிதம்தான்.

அந்தப் பெண், "ஆத்தாகிட்டப் போகோணுமுங்க" என்று அழுதாள். செத்துப்போன தாயை நினைத்து அழுகிறாள் என்று நினைத்து, ஒரு பன் வாங்கிக் கொடுத்து, தலையைத் தடவி ஏற்றிவிட்டேன். நீ அவன் கண்ணீரை நம்பினாய், நான் உன் கையெழுத்தை நம்பினேன். யார் பெரிய முட்டாள் என்று பிறகு சாவகாசமாகச் சண்டை போடலாம்.

வீட்டில் சொல்லிவிட்டேன். மாமியாரின் முதல் கேள்வி: "அப்போ புள்ளைகளை யாரு தூக்குறது?" இரண்டு பிள்ளை, தாய் ஒன்று, தகப்பன் ஒன்று, கணக்கு சரியாக இருக்கிறதே என்றேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நல்லதுதான், யோசிக்க நேரம் கிடைத்தது. என் வீட்டுக்காரர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. போலீஸ் வந்தால் ஆபீஸ் பெயர் போய்விடும் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. கடைசியில், "ஏத்துனது நாம, எறக்குறதும் நாமதான்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

நாளை எங்கள் டிரைவர் சடையன் லாரியில் நாங்கள் இருவரும் பெங்களூர் போகிறோம். நோட்டில் இருக்கும் மற்றப் பத்துப் பேரையும், ஊரையும் ஒரு தாளில் தமிழில் எழுதி அனுப்பு. குடகுக்கும் கோயம்புத்தூருக்கும் போகும் டிரைவர்களுக்குத் தெரியாத பங்களா கிடையாது. இதையாவது பெயரைக் காலியாக விடாமல் எழுது.

அஜீஸ்


சேசு மரி சூசை

ராசிபுரம்
6-9-1959

அன்புள்ள அஜீஸ்,

இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. பெங்களூர் விலாசத்துக்கு மூன்றாவதாக இதை எழுதுகிறேன்.

ஆகஸ்டு பதினைந்தாம் தேதி, மாதா திருநாள் பூசை முடிந்து வந்தபோது எங்கள் வாசலில் லாரி நின்றதை எழுதியிருந்தேன். கிடைத்ததோ என்னவோ, மறுபடி சொல்கிறேன். சடையன் அண்ணன் அவளைக் குழந்தையை இறக்குகிற மாதிரி இடுப்பைப் பிடித்து இறக்கினார். சகாயம்மாள் கையிலிருந்த குடத்தைப் போட்டுவிட்டாள். மகளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "முட்டை குடுத்தாங்களா சாமி?" என்றுதான் முதலில் கேட்டாள். "அஜீஸ் அக்கா வந்தன்னிக்கு ரெண்டு குடுத்தாங்க" என்றாள் செல்வமேரி.

நீ ஏன் இறங்கவில்லை என்று லாரிக்குள் எட்டிப் பார்த்தேன். உன் நாத்தனார் பெண்ணை விடமாட்டேன் என்று கதவில் நின்றதையும், நீ ஒரு பிள்ளையை இந்த இடுப்பிலும் ஒரு பிள்ளையை அந்த இடுப்பிலும் வாங்கிக்கொண்டு, "இவளை அனுப்பு, நான் இருக்கிறேன்" என்று சொன்னதையும் சடையன் அண்ணன்தான் சொன்னார். மாமியார் கணக்குப்படியே உன் கை இரண்டையும் நிரப்பிக்கொண்டாயா? இரண்டும் ஒரே நேரத்தில் அழுமாமே, செல்வமேரி சொன்னாள். பெரியதற்கு முதுகில் தட்ட வேண்டுமாம், சின்னதற்குப் பாதத்தைத் தேய்த்துவிட வேண்டுமாம். உன்னிடம் சொல்ல மறந்துவிட்டாளாம், எழுதச் சொன்னாள். அவள் பாயில் தனியாகத் தூங்கும்போதும் இரண்டு கையையும் வளைத்து வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள் என்று சகாயம்மாள் சொன்னாள்.

பதினோரு பேரில் ஏழு பேர் வீடு வந்துவிட்டார்கள். மூன்று பேரை உங்கள் டிரைவர்களே குடகு எஸ்டேட்டுகளில் அடையாளம் காட்டி, கலெக்டர் காகிதத்தோடு போலீஸ் போய்க் கூட்டிவந்தது. கோயம்புத்தூரில் மூன்று பேரைத் தேடுகிறார்கள். சின்னான் என்று ஒரு பையன், எட்டு வயது, நோட்டில் பெயர் மட்டும்தான், எங்கே போனான் என்று அதிலும் இல்லை, அப்புசாமி வாயிலும் இல்லை. அவன் தாய் தினம் காலையில் என் வாசலுக்கு வருகிறாள். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் மகன் இருக்கும் இடமும் தெரியும் என்று நினைக்கிறாள்.

அந்த நாலு பேரும் இடம் கிடைக்கும்வரை எங்கள் வீட்டில்தான். இவர் நடையில் பாய் விரித்துக் கொடுத்துவிட்டு, ஐந்து பேர் மூச்சையும் நீ ஒருத்தியே பார்ப்பாயா, முறை வைத்துக்கொள்வோமா என்கிறார். இரண்டு தடவை கொதித்த தண்ணீரை ஒரு தடவையாகக் குறைத்துவிட்டேன். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இப்போது நான் எழுத வந்ததற்கு வருகிறேன். செல்வமேரியின் பாவாடை மடிப்பில் ஊக்கு குத்தி ஒரு காகிதம் அனுப்பியிருந்தாய். 'மேரி, அநாதை.' என் கையெழுத்து, இரண்டு கோடு. கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. கரீம் அண்ணனைப் போலீஸ் மூன்று தடவை விசாரித்திருக்கிறது. இந்த ஒரு தாளை அவர் காட்டியிருந்தால், 'நான் ஏமாந்தவன், எழுதிக் கொடுத்தவள் அங்கே இருக்கிறாள்' என்று அன்றே தப்பியிருக்கலாம். நீ அதை என்னிடம் அனுப்பிவிட்டாய். என்னைக் காப்பாற்றவா, என் முகத்தில் எறியவா என்று மூன்று வாரமாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அடுப்புக்குப் பக்கத்தில்கூட இரண்டு தடவை கொண்டுபோனேன்.

நாளைக் காலை அதை நானே சப்-இன்ஸ்பெக்டரிடம் கொடுக்கப்போகிறேன். மற்ற பத்தொன்பது தாளும் இப்போது யார் கையில் இருக்கின்றன என்று அவர்கள் தேட வேண்டும். அதற்கு ஒன்றையாவது பார்த்திருக்க வேண்டும் அல்லவா? எனக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்கிறார். கரீம் அண்ணன் மேல் தவறில்லை என்றும் எழுதிக் கொடுக்கிறேன். இப்போது என் எழுத்தை யாராவது நம்பினால்.

என் மேல் கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுது. கார்டிலேயே எழுது, ஊரே படிக்கட்டும். சீக்கிரம் பதில் போடு.

இன்பமேரி